இடது காது வரை மழை

மழையைப் பற்றிப் பேசினால்
இடது காது வரை வண்டி ஓடும்.
வார இறுதியில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால்
பிடரி வரை.
அதற்கப்புறம்
கத்திரிக்கோல்தான் பேச வேண்டும்.

ஹல் நகரம், ஸ்பிரிங் பேங்க் சாலை.
மூன்றாம் நாற்காலி என்னுடையது.
முதல் நாற்காலி ஹேமினுக்கு.
சுலைமானியாவிலிருந்து எனக்கு ஒன்பது வருஷம் முன்னால் வந்தவன்.
அவன் ஆங்கிலம் குழாய்த் தண்ணீர்;
என்னுடையது
வாளியின் அடியில் கிடப்பதைச் சுரண்டி மொள்வது.
“முடி தானா வளரும் ரேப்வார்,
பேச்சை நீதான் வளர்க்கணும்” என்பான்.
கைமுதலாக மூன்று சொல்லும் கொடுத்தான்:
அப்படியா, அப்புறம், நீங்க?

அவற்றையே மாற்றி மாற்றிப் போட்டு
குளிர்காலம் முழுக்க நாற்காலியைச் சுழற்றினேன்.
ஒருவர் மட்டும்
காலையில்தான் நாயைப் புதைத்தேன் என்றார்.
புதைத்தேன் என்ற சொல் அதுவரை என்னிடம் வந்து சேரவில்லை.
நாய் தெரியும்.
“பிரமாதம்! அப்புறம்?” என்றேன்.
கண்ணாடிக்குள்ளிருந்து அவர் பார்த்த பார்வைக்கு
அகராதி தேவைப்படவில்லை.

அந்த வியாழக்கிழமை
ஆற்றிலிருந்து மூடுபனி கடை வாசல்வரை ஏறி வந்திருந்தது.
உள்ளே வந்தவருக்கு அறுபது இருக்கும்.
நகக்கண்ணில் சாம்பல்நிறப் பெயின்ட்.
நோட்டில் எழுதப் பெயர் கேட்டேன்.
“பெ” என்றார்.
நின்றார்.
“பெ… பெ…”
என் காதுதான் சரியில்லையோ,
கேள்வியே தப்போ என்று
பேனாவை உதறிப் பார்த்தேன்.
ஐந்தாவது முறை
பெர்னார்ட் வெளியே வந்து விழுந்தார்,
நெற்றி வியர்த்து.

பிறந்ததிலிருந்து இந்த மொழியிலேயே குடியிருப்பவர்.
தன் வீட்டு வாசலிலேயே
சாவி திரும்பாமல் நிற்கிறார்.

மழை என்று ஆரம்பித்தேன்.
ஆமாம் என்றார். இடது காது முடிந்தது.
வேலை? என்றேன்.
“பா…” என்றார்.
துணிக்குள் இரண்டு கையும் எழும்பி
நடுவில் தொய்ந்த ஒரு நீளக் கோட்டை வரைந்தன.

பாலம்.
எனக்குத் தெரிந்துவிட்டது.
ஓர் ஆங்கிலேயர் சொல்வதற்கு முன்னால்
ஓர் ஆங்கிலச் சொல்
என் வாயில் தயாராக இருந்தது,
வாழ்க்கையில் முதல்தடவை.
நீட்டினால் போதும்.

ஆனால் நீட்டப்படும் சொற்களை எனக்குத் தெரியும்.
தபால் ஆபீஸில், டாக்டரிடம், பஸ்ஸில்,
பாதி வாக்கியத்தில் நான் துழாவும்போதே
யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.
நல்லவர்கள்தான்.
நன்றி சொல்லி வாங்கிக்கொள்வேன்.
நான் சொல்ல வந்தது
பெரும்பாலும் வேறாக இருக்கும்.

கத்திரியை மூடினேன்.
சீப்பில் இல்லாத முடியை ஊதினேன்.
“பா… பா…”
ஹேமின் திரும்பிப் பார்த்தான்.
பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.
ரேடியோவில் செய்தி முடிந்து விளம்பரம் வந்தது.

“பாலம்” என்றார் பெர்னார்ட்.
ஹம்பர் பாலம். பெயின்ட் அடிப்பவர்.
இருபத்திரண்டு வருஷம்.
“அப்படியா?” என்றேன்.
அன்றைக்கு அதை நிஜமாகவே கேட்டேன்.

கம்பியில் தொங்கியபடி சோறு தின்றது,
கைநழுவிய பிரஷ் ஒன்று
கீழே போன படகில் விழுந்து
யாருடைய தொப்பியையோ சாம்பலாக்கியது,
எல்லாம் வந்தது,
ஒவ்வொன்றும் தன் வேகத்தில்.
பிறகு கண்ணாடிக்குள் என்னைத் தேடி
“நீ… நீங்க?” என்றார்.

நான் விற்கிற சரக்கு.
இதுவரை யாரும் எனக்கே திருப்பித் தந்ததில்லை.

எங்கள் ஊரிலும் ஒரு பாலம் என்று தொடங்கி
இருக்கிறது என்பதா
இருந்தது என்பதா என்று
நடுவில் நின்றுவிட்டேன்.
அவர் எடுத்துக் கொடுக்கவில்லை.
காத்திருந்தார்,
வாய் லேசாகத் திறந்து,
அவருக்கே சொல் முட்டுகிற மாதிரி.

வலது கிருதா விரற்கடை குட்டையாகிவிட்டது.
ஒரு தலைக்கு ஐம்பது நிமிஷமா என்றான் ஹேமின்.

இரண்டு வாரத்தில்
முடி வளராமலே வந்தார் பெர்னார்ட்.
கழுத்தில் துணியைக் கட்டினேன்.
வெளியே மழை இல்லை, பனியும் இல்லை.
“அ…” என்றார்.
நாற்காலியைக் கொஞ்சம் தாழ்த்தினேன்.
“அ… அப்…”